ஒளி என்னும் நாடா

"எல்லாம் அவரவர் பார்வையைப் பொறுத்தது, ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டாரே!" என்று யாராவது சொல்லக் கேளாதவர் நம்மில் இருக்க முடியாது. வழக்கில் தோற்றவர் சொல்கிறார். சம்பந்திச் சண்டையில் சமாதானம் பேச வந்தவர் சொல்கிறார். பரீட்சையில் மார்க்குக் குறைந்த பையன்கூடத் தகப்பனாரிடம் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான்.

ஐன்ஸ்டைன் சொன்னதோ ஏறக்குறைய இதற்கு நேர் எதிரான விஷயம். பார்க்கிறவர் யாராயிருந்தாலும், எங்கே நின்றாலும், எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருந்தாலும் மாறாத ஒன்று உலகில் உண்டு என்பதே அவருடைய சார்புத் தத்துவத்துக்கு அஸ்திவாரம். அந்த மாறாத ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான், மாறவே மாறாதென்று மனிதர் நம்பியிருந்த காலத்தையும் தூரத்தையும் அவர் விட்டுக்கொடுத்தார்.

இதை அறிந்துகொள்ளக் கரும்பலகை நிறையக் கணக்குப் போட வேண்டுமென்பதில்லை. வெள்ளகோவில் வட்டாரத்தில் எவரும் தினந்தோறும் காணக்கூடிய ஒரு பஸ், ஒரு விசைத்தறி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு செங்கோண முக்கோணம் - இம்மூன்றும் போதும். பிறகு சாட்சி கேட்பதற்கு நீலகிரி மலை வரையில் ஒரு நடை போய்வந்தால் காரியம் முடிந்தது.

பஸ்ஸும் ஆடு மேய்ப்பவரும்

வெள்ளகோவிலிலிருந்து காங்கயம் நோக்கிப் போகும் பஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாலையில் பள்ளமே இல்லையென்றும், பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓடுகிறதென்றும் வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். (பள்ளமில்லாத சாலையைக் கற்பனை செய்யக்கூடியவர்களுக்கு ஐன்ஸ்டைன் ஒரு கஷ்டமே அல்லர்.) கண்டக்டர் பின்புறத்திலிருந்து முன்புறமாக மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் நடந்து வருகிறார். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் வேகம் 4. சாலையோரத்தில் ஆடு மேய்ப்பவருக்கோ 64. எது சரி? இரண்டும் சரிதான். "உண்மையில் அவர் என்ன வேகத்தில் போகிறார்?" என்ற கேள்விக்குத்தான் பொருளில்லை. ஆடு மேய்ப்பவர்கூடத் தாம் நிற்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறாரே தவிர, பூமி அவரையும் ஆடுகளையும் சுமந்துகொண்டு சூரியனைச் சுற்றி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வீதம் பறந்துகொண்டிருக்கிறது.

எதை நிலையானதாக வைத்துக்கொண்டு நாம் இடத்தையும் வேகத்தையும் அளக்கிறோமோ, அதற்குப் பௌதிக நூலார் 'குறிப்பாயம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பஸ் ஒரு குறிப்பாயம். சாலை மற்றொரு குறிப்பாயம். சீராக ஓடும் பஸ்ஸுக்குள் பந்தை மேலே எறிந்தால் அது கைக்கே திரும்பி வருகிறது. செம்பில் உள்ள தண்ணீர் தளும்புவதில்லை. ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டால், பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை உள்ளே செய்யும் எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. இதை இத்தாலி தேசத்துக் கலிலியோ 1632-ஆம் வருஷமே, கப்பலின் அறை ஒன்றை உதாரணமாகக் காட்டி எழுதிவைத்தார். ஆகவே சார்பு என்னும் கருத்து ஐன்ஸ்டைனுக்கு 273 வருஷம் மூத்தது.

அடங்காத ஒளி

இந்த ஏற்பாட்டுக்கு அடங்காமல் நின்றது ஒளி ஒன்றுதான். அதன் வேகம் விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர். சுமாராக 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். கண்டக்டருக்குச் சொன்ன கணக்குப்படி பார்த்தால், ஓடுகிற பஸ்ஸின் முன் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி, சாலையில் நிற்பவருக்குப் பஸ்ஸின் வேகமும் சேர்ந்து சற்று அதிகமாகத் தோன்ற வேண்டும். ஒளியை எதிர்த்துப் போகிறவருக்கு அது விரைவாகவும், அதனோடு சேர்ந்து ஓடுகிறவருக்கு மெதுவாகவும் இருக்க வேண்டும்.

பஸ்ஸைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்பது கடினம். ஆனால் பூமியே விநாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வாகனம் அல்லவா? 1887-ஆம் வருஷம் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் மைக்கெல்ஸன், மார்லி என்னும் இருவர், பூமி போகும் திசையில் ஓர் ஒளிக்கதிரையும் அதற்குக் குறுக்காக மற்றொன்றையும் அனுப்பித் திரும்பி வரச் செய்து, இரண்டையும் ஒத்துப் பார்த்தார்கள். அவர்கள் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. கருவியைத் திருப்பி வைத்துப் பார்த்தும் வரவில்லை. பூமியின் ஓட்டத்தை ஒளி கண்டுகொள்ளவே இல்லை!

பெரிய பெரிய அறிஞர்களெல்லாம் இதற்குச் சமாதானம் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், 1905-ஆம் வருஷம், ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரத்துப் பேடண்டு ஆபீஸில் உத்தியோகம் பார்த்த 26 வயது இளைஞர் வேறு வழியில் புறப்பட்டார். சமாதானம் தேடுவானேன்? உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டால் என்ன? சீராக ஓடும் எல்லாக் குறிப்பாயங்களிலும் இயற்கையின் விதிகள் ஒன்றே. அவை எல்லாவற்றிலும் ஒளியின் வேகமும் ஒன்றே. இந்த இரண்டை மட்டும் ஒப்புக்கொண்டு, அதனால் என்ன வந்தாலும் வரட்டும் என்று அவர் துணிந்தார்.

லாரியின் மேல் ஒரு தறி

என்ன வந்தது என்பதைத் தறியைக் கொண்டு பார்ப்போம். வெள்ளகோவில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த குழந்தைக்கும் தெரியும், தறியில் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பது. ஒரு லாரியின் மேல் அத்தகைய தறியை ஏற்றுவோம். லாரி கிழக்கே கரூர்ப் பக்கம் போகிறது. நாடா தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே ஓடுகிறது. லாரியில் இருக்கும் நெசவாளிக்கு நாடா நேர்க்கோட்டில் எதிர்ப் பக்கம் போய்ச் சேருகிறது. சாலையில் நிற்பவருக்கோ, நாடா அக்கரை சேருவதற்குள் லாரி கொஞ்சம் கிழக்கே நகர்ந்துவிடுவதால், அது சாய்வான கோட்டில் போனதாகத் தெரிகிறது. சாய்வான கோடு நேர்க்கோட்டைவிட நீளம். ஆனால் மரநாடா விஷயத்தில் சங்கடம் ஒன்றும் இல்லை. லாரியின் வேகமும் அதோடு சேர்ந்துகொள்வதால், அதிக தூரத்தை அதிக வேகத்தில் கடந்து அதே நேரத்தில் போய்ச் சேருகிறது.

இப்போது மரநாடாவை எடுத்துவிட்டு, தறியின் இரு பக்கமும் கண்ணாடி வைத்து, அவற்றின் நடுவே ஒளியை ஓடவிடுவோம். சாலையில் நிற்பவருக்கு இந்த ஒளி நாடாவும் சாய்வாகத்தான் போகும். அதற்கும் தூரம் அதிகந்தான். ஆனால் அதன் வேகம் அதிகமாவதற்கு இயற்கை இடங்கொடுக்கவில்லை. அதிக தூரம், அதே வேகம் - ஆகையால் அதிக நேரம்! நெசவாளிக்கு ஒரு ஓட்டம் முடிய ஆகும் நேரத்தைவிடச் சாலையில் நிற்பவரின் கடிகாரத்தில் அதற்கு அதிக நேரம் ஆகிறது. சாலையிலிருந்து பார்த்தால் லாரியின் மேல் இருக்கும் கடிகாரம் மெதுவாக நடக்கிறது.

இது ஒளித்தறிக்கு மட்டுந்தானே, நெசவாளியின் கைக்கடிகாரத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கைக்கடிகாரமும் அவர் நாடித் துடிப்பும் வழக்கப்படியே நடந்து ஒளித்தறி மாத்திரம் மெதுவானால், அவ்விரண்டையும் ஒத்துப் பார்த்து, ஜன்னலைத் திறக்காமலே லாரி ஓடுகிறதென்று அவர் கண்டுபிடித்துவிடுவார். கலிலியோ சொன்ன விதி உடைந்துபோகும். ஆகவே எல்லாம் சேர்ந்தே மெதுவாகின்றன. நெசவாளிக்கோ ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றுவதில்லை. மேலும், தாம் நிற்பதாகவும் சாலைதான் பின்னால் ஓடுவதாகவும் அவர் கொள்ளலாமாகையால், அவர் கணக்கில் சாலையோரத்துக் கடிகாரமே மெதுவாக நடக்கும்!

எவ்வளவு மெதுவாக என்பதற்கு 3, 4, 5 என்னும் பழைய முக்கோணமே விடை சொல்லும். தறியின் அகலம் 3 பங்கு. நாடா அக்கரை சேருவதற்குள் லாரி போன தூரம் 4 பங்கு. அப்படியானால் ஒளி சென்ற சாய்வுக் கோடு 5 பங்கு. அதாவது லாரியின் வேகம் ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு. அந்த வேகத்தில், சாலையின் கணக்குப்படி 5 நிமிஷம் ஆகும்போது லாரியில் 3 நிமிஷமே கழிந்திருக்கும்.

இன்னொரு ரகசியத்தையும் இந்த முக்கோணத்தில் காணலாம். அடிப்பக்கம் எவ்வளவு நீண்டாலும் கர்ணத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். இரண்டும் சமமானால் முக்கோணமே இல்லை. ஒளி நாடா எதிர்ப் பக்கம் போய்ச் சேருவதும் இல்லை. ஒளியை எந்த வண்டியும் எட்டிப் பிடிக்க முடியாதென்று பாடப் புத்தகங்களில் ஒரு வரி எழுதியிருக்கும். பிள்ளைகள் அதை ஏதோ சர்க்கார் உத்தரவைப்போல மனப்பாடம் செய்கிறார்கள். அது உத்தரவல்ல, முக்கோணத்தைப் போட்டுப் பார்க்கும் பிள்ளை தானே கண்டுகொள்ளக்கூடிய முடிவு.

அப்படியானால் நம் பஸ் டிரைவர்கள் ஏன் இளமையாகவே இருப்பதில்லை? மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது ஒளியின் முன்னே ஒன்றுமே இல்லை. வருஷம் முழுவதும் இரவு பகல் நிற்காமல் அந்த வேகத்தில் ஓட்டினாலும், வீட்டுக் கடிகாரத்தைவிட அவர் கடிகாரம் ஒரு விநாடியை 2 கோடி பங்கு செய்ததில் ஒரு பங்குதான் பின்தங்கும். இதனாலேயே மனித சந்ததி இத்தனை ஆயிரம் வருஷங்களாக இதை அறியாமல் சௌக்கியமாக வாழ்ந்துவிட்டது.

வானத்திலிருந்து விழும் கடிகாரங்கள்

ஆகவே, ஒளியோடு போட்டி போடக்கூடிய கடிகாரம் ஒன்று கிடைத்தாலொழியச் சாட்சி அகப்படாது. அத்தகைய கடிகாரங்கள் நம் வீட்டுக் கூரைமேல் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றன.

அகண்ட வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் என்னும் அணுத்துகள்கள் பூமியின் காற்று மண்டலத்தில் வந்து மோதுகின்றன. அம்மோதலின் விளைவாக, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில், மியூவான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. எலக்ட்ரானைப்போல 207 மடங்கு கனமான இந்தத் துகளை 1936-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஆண்டர்ஸனும் நெட்டர்மையரும் கண்டுபிடித்தார்கள். மியூவானுக்கு ஆயுள் மிகவும் அற்பம். ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு செய்தால், சராசரியாக 2.2 கூறுதான் அது உயிரோடிருக்கும். பிறகு தானாகவே சிதைந்துபோகும். ஆயுள் இன்னதென்று அறுதியிட்டிருப்பதால், ஒவ்வொரு மியூவானும் தன் கடிகாரத்தைத் தானே சுமந்துகொண்டு வருகிறது எனலாம்.

இந்தக் கருத்தை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் நம் நாட்டவர் என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1938-ஆம் வருஷம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபா, 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிய சிறு குறிப்பில், தானாகச் சிதையும் இவ்வகைத் துகளை ஒரு கடிகாரமாகக் கொள்ளலாமென்றும், சார்புத் தத்துவப்படி அது வேகமாக ஓடும்போது அதன் ஆயுள் நீண்டதாகத் தோன்ற வேண்டுமென்றும் காட்டினார். அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. ஜப்பானிய அறிஞர் யுகாவா ஊகித்த துகளைப்பற்றி அவர் எழுதினார். காஸ்மிக் கதிர்களில் கண்ட மியூவானும் அதுவும் வெவ்வேறு என்பது 1947-ல்தான் தெளிவாயிற்று. என்றாலும் கடிகாரத்தின் தத்துவம் இரண்டுக்கும் பொது.

கணக்கைப் பார்ப்போம். விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான் தரையை அடைவதாவது! பழைய கணக்குப்படி நூறு கோடியில் ஒன்றுகூட உயிரோடு கீழே வந்து சேராது. நடப்பதோ வேறு. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்திலும் நிமிஷத்துக்கு ஒன்று வீதம் மியூவான்கள் விழுகின்றன. நாம் உள்ளங்கையை நீட்டினால் விநாடிக்கு ஒன்றாவது அதை ஊடுருவிச் செல்லும்.

ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் 999 பங்கு வேகமுள்ள மியூவானை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன முக்கோணக் கணக்குப்படி, அதன் ஆயுள் நம் கடிகாரத்தில் 22 மடங்குக்குச் சற்று அதிகமாக நீளும். அதற்குள் அது சுமார் 15 கிலோமீட்டர் வந்துவிடலாம்! வழியில் காற்றினால் வேகம் குறைவதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், மூன்றில் ஒன்றாவது தரை சேரும்.

மியூவானின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை எப்படி? தன் ஆயுள் நீண்டதாக அதற்குத் தோன்றாது, அதே 2.2 கூறுதான். ஆனால் அதன் குறிப்பாயத்தில் பூமியும் காற்றும் எதிரே பாய்ந்து வருகின்றன. வேகமாக வரும் பொருள் வரும் திசையில் அதே 22 மடங்கு சுருங்கித் தோன்றுகிறது. நமக்கு 15 கிலோமீட்டர் ஆன காற்று மண்டலம் அதற்குச் சுமார் 670 மீட்டர்தான்! நாம் "ஆயுள் நீண்டது" என்கிறோம். மியூவான் "வழி குறைந்தது" என்கிறது. பேச்சு வேறு; தரைக்கு வந்து சேர்ந்தது என்னும் நிகழ்ச்சி ஒன்றே. சார்புத் தத்துவத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. இருவரும் தத்தம் அளவை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் அளவிலிருந்து மற்றவர் அளவைப் பிசகின்றிக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். நடந்த காரியத்தை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கில் தோற்றவருக்கு இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

மலைமேல் சாட்சி

பாபாவின் கருத்து நெடுநாள் காகிதத்திலேயே கிடக்கவில்லை. 1941-ஆம் வருஷம் அமெரிக்காவில் கொலராடோ மலைப் பிரதேசத்தில் ராஸியும் ஹாலும் உயரமான ஓரிடத்திலும் தாழ்ந்த ஓரிடத்திலும் மியூவான்களை எண்ணிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தவை வழியில் அதிகமாகச் சிதைந்தன. வேகம் மிகுந்தவை தத்துவம் சொன்னபடி அதிகமாகப் பிழைத்தன. பின்னர் 1977-ல், ஜெனிவா அருகே ஸெர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில், வளையமான ஒரு பாதையில் மியூவான்களைச் சுற்றவிட்டு அளந்ததில், 2.2 கூறாக இருந்த ஆயுள் 64 கூறுக்கு மேல், அதாவது 29 மடங்குக்கும் அதிகமாக நீண்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? கொங்கு நாட்டின் மேற்கு எல்லையில் நிற்கும் நீலகிரியில், உதகமண்டலத்தில், கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் காஸ்மிக் கதிர்க்கூடம் இருக்கிறது. அந்த நிலையத்தை 1945-ல் ஸ்தாபித்தவரும் பாபாவே. அங்கே 'கிரேப்ஸ்-3' என்னும் பெயரில் இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சியில், இரண்டு மீட்டருக்கு மேல் கனமான கான்கிரீட்டுக்கு அடியில், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளமுள்ள 3,712 எண்ணும் குழாய்கள் 560 சதுர மீட்டர் பரப்பில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மற்றத் துகள்கள் கான்கிரீட்டில் தங்கிவிட, மியூவான்கள் அதைத் துளைத்துக்கொண்டு குழாய்களை அடைகின்றன. நிமிஷத்துக்குச் சுமார் 25 லட்சம் மியூவான்கள் எண்ணப்படுகின்றன. 2014-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி உதகையின் மேல் வந்த இடிமேகம் ஒன்றில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென்று, மியூவான் எண்ணிக்கை குறைந்த அளவைக் கொண்டே இவர்கள் கணித்து 2019-ல் வெளியிட்டார்கள். காலம் எல்லாருக்கும் ஒரே விதமாக நடப்பதாயிருந்தால், இந்தக் குழாய்களில் எண்ணுவதற்கு மியூவான் அநேகமாக இருந்திராது.

"சரி, இதனால் நமக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்கள் தங்கள் கைப்பேசியையே கேட்கலாம். வெள்ளகோவிலிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு தெரியாத ஊருக்குப் புறப்படும் லாரி டிரைவருக்கு வழிகாட்டுகிற ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள், அவற்றின் வேகத்தால் நாளொன்றுக்கு விநாடியின் பத்து லட்சத்தில் 7 பங்கு பின்தங்குகின்றன. அவ்வளவு உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவாயிருப்பதால் 45 பங்கு முந்துகின்றன. இது ஐன்ஸ்டைன் பிற்காலத்தில் கண்ட பொதுச் சார்புத் தத்துவம். கழித்துப் பார்த்தால் 38 பங்கு முந்துகிறது. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். இதை முன்கூட்டியே திருத்தி வைக்காவிட்டால், ஒரே நாளில் வழி பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும்.

பிள்ளைகளின் பங்கு

1920-ஆம் வருஷத்தில் கல்கத்தா சர்வகலாசாலை ஒரு புத்தகம் வெளியிட்டது. ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் மூலக் கட்டுரைகளை ஜெர்மன் பாஷையிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள் மேகநாத சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும். முன்னுரை எழுதியவர் மஹலனோபிஸ். மொழிபெயர்த்த இருவருக்கும் அப்போது வயது இருபத்தேழுக்கு மேல் இல்லை. அந்நிய ஆட்சியின் கீழ், ஆராய்ச்சி வசதிகள் மிகக் குறைவாயிருந்த நாளில், பிறர் சொல்லிக் கேட்பதோடு நில்லாமல் மூலத்தையே பிடித்துப் படித்தார்கள். பதினெட்டு வருஷங் கழித்து, அதே தத்துவத்துக்குச் சோதனை வழியைக் காட்ட ஒரு பாபா தோன்றினார்.

இன்று நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு தடை இல்லை. ஆனால் பெரிய பெயரைச் சொல்லி வாயடைக்கும் பழக்கம் மாத்திரம் போகவில்லை. "ஐன்ஸ்டைன் சொன்னார், ஆகவே உண்மை" என்று கற்பிப்பது, அவரையும் மற்றொரு குருட்டு நம்பிக்கையாக்கிவிடுவதே ஆகும். அவர் சொல் நிலைபெற்றது அவர் பெயரால் அல்ல. கிளீவ்லாந்திலும் கொலராடோவிலும் ஜெனிவாவிலும் சோதித்துப் பார்த்த பிறகே நிலைபெற்றது.

ஆகையால், ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பையனோ பெண்ணோ வந்து, "ஒளியைவிட வேகமாக ஏன் போக முடியாது?" என்று கேட்டால், "பெரியவனானால் தெரியும்" என்று அனுப்பிவிட வேண்டாம். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து, லாரியின் மேல் ஒரு தறியைப் போட்டுக் காட்டுங்கள். 3, 4, 5 என்று பக்கங்களுக்கு எண் இடுங்கள். மிச்சத்தைப் பிள்ளையே சொல்லிவிடும்.